சோப்பு தீர்ந்தால் யார் வைப்பது?

கொரோனாவால் மூடிய பள்ளி மறுபடி திறந்து மூன்றாவது வாரம். காலை இடைவேளையில் கைகழுவும் இடத்துப் பக்கம் போனேன். எட்டுக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, நானே ஏணி போட்டு ஏறி ஒட்டிய சுவரொட்டி: கை கழுவும் முறை, படம் போட்டு, அம்புக்குறி போட்டு. தண்ணீர் நன்றாக வந்தது. பிள்ளைகள் தரையில் வரைந்திருந்த மஞ்சள் வட்டத்துக்குள் கால் வைத்து வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து, சுவரொட்டியை அண்ணாந்து பார்த்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒரு படி விடாமல் தேய்த்துவிட்டுப் போனார்கள். வெறும் தண்ணீரில். சோப்புப் பெட்டி எட்டும் காலி.

"எப்போ தீர்ந்துச்சு?" என்று ஒரு பையனைக் கேட்டேன்.

"போன வாரமே மிஸ்."

"ஏன்டா யாருமே சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது மிஸ்?"

எதிர்த்துப் பேசவில்லை அவன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். சுகாதாரக் குழுவின் பொறுப்பாசிரியர் நான். கோப்பு என் மேஜையில் இருந்தது. அதில் சோப்பு வாங்கிய ரசீது இருந்தது, எத்தனை கட்டி என்ற கணக்கு இருந்தது, யார் கையெழுத்து என்பதும் இருந்தது. வாங்கிய சோப்பு அலமாரியில் பூட்டியும் இருந்தது. தீர்ந்த இடத்தில் அதை எடுத்துப் போய் வைப்பது யார் வேலை என்று மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

அந்த இரண்டு வருடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பையனின் கேள்விதான்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11 அன்று. அடுத்த சில வாரங்களில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டன. உச்சத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். டென்மார்க் ஏப்ரல் 15 அன்றே சின்னப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. உகாண்டாவில் பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆகிவிட்டது. எங்கள் பள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. திறக்கப்போகிறது என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கெமிஸ்ட்ரிதானே, இதையும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் நியமன ஆணை.

மூடிக் கிடந்த கட்டடத்தைத் திறப்பது ஒரு தனி அனுபவம். தூசியும் ஒட்டடையும் எதிர்பார்த்ததுதான். நாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கழிப்பறைப் பக்கம் மட்டுமில்லை, அறிவியல் ஆய்வகத்திலும் சாக்கடை நாற்றம். எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது என்று நினைத்தோம். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு ஒரு வாளி தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். நாற்றம் நின்றுவிட்டது. தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து போகிறதே, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் யாரும் குழாயைத் திறக்காததால் அது வற்றிப்போயிருந்தது.

இது வெறும் நாற்ற விவகாரம் இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியது. விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வளைவுகள் வற்றிக் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய சங்கதி. நாங்கள் எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீர் ஊற்றினோம். எல்லாக் குழாய்களையும் திறந்து, பழுப்பாக வந்த தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஓடவிட்டோம். நெடுநாள் தேங்கிய குழாய்த் தண்ணீரில் லீஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகும். அதைக் குடிக்கக் கூடாது என்பதோடு, அதன் சாரலை மூச்சில் இழுக்கவும் கூடாது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய கதையை விட்டுவிடுகிறேன். உள்ளே என்னென்ன கிடந்தன என்று எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்து என் சொந்த வெட்கக்கேடு ஒன்று.

பிளீச்சிங் கரைசல் தயாரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தரை, மேஜை, கைப்பிடிகளுக்கு 0.1 சதவீதக் குளோரின் போதும். கடையில் கிடைக்கும் 5 சதவீதத் திரவத்தில் ஒரு பங்கு எடுத்து 49 பங்கு தண்ணீரில் கலக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஊற்றிய உடனே துடைக்காமல் கொஞ்ச நேரம் ஈரமாக விட வேண்டும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி, தூய்மைப் பணி செய்யும் இரண்டு அக்காக்களையும் உட்காரவைத்து வகுப்பே எடுத்தேன். எடுத்துவிட்டு, செய்முறை விளக்கமாக ஒரு கழிப்பறையில் போய்க் கரைசலை ஊற்றினேன். அங்கே ஏற்கெனவே ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவம் ஊற்றி ஊறப்போட்டிருந்தார்கள்.

பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் நடத்துகிற சமன்பாடு. தொண்டையில் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்ட, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். மூத்த அக்கா உள்ளே போகாமல், வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் சன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு வந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் நிதானத்துக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டையும் சேத்து ஊத்தக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும் மிஸ். நீங்க டீச்சரு, நாங்க போயி எப்படிச் சொல்றதுன்னுதான்…"

இருபது வருடமாக அந்த வேலையைச் செய்பவர். நான் கரும்பலகையில் எழுதியபோதும் அவருக்குத் தெரியும், வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோதும் தெரியும். வாய் திறக்கவில்லை. யார்கிட்ட சொல்றது என்று கேட்ட பையனும் இவரும் ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு உறைக்க இன்னும் சில வாரங்கள் ஆயின.

மருத்துவர் செம்மல்வைஸின் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1847, வியன்னா, பிரசவ வார்டு. பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களை, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. பாடத்தில் இவ்வளவுதான் வரும். அந்தச் சுண்ணாம்பு நீரை வார்டு வாசலில் தினமும் கலந்து வைத்தது யார், தீர்ந்தால் நிரப்பியது யார் என்று சோப்புப் பெட்டி காலியான அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். அந்த ஆளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

முதல் மாதம் நாங்கள் செய்ததில் பாதி, கண்ணுக்குத் தெரிவதற்காகச் செய்தது. ஒளிப்பானேன்? வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் வளைவு ஒன்றை வைத்துத் தருகிறோம் என்று ஒருவர் வந்தார். ஆட்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது எந்தச் சூழலிலும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்ததால் அதை மறுக்க முடிந்தது. ஆனால் மேஜைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்தோம். புத்தகப் பைகளை வெளியே வெயிலில் வைக்கச் சொன்னோம். நோட்டுப் புத்தகங்களை ஒரு நாள் தனியே வைத்திருந்து திருத்தினேன். பெற்றோர் வந்து பார்த்தால் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு கவலை.

நெற்றியில் வைக்கும் வெப்பமானி தனிக் கூத்து. வெயிலில் நடந்து வருகிற பிள்ளைக்கு அது காய்ச்சல் என்று காட்டும். நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். இன்னொரு பக்கம், மாத்திரை போட்டு அனுப்பப்பட்ட பிள்ளையை அது சிரித்த முகத்தோடு உள்ளே விடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறிவியல் நகர்ந்துகொண்டிருந்தது, நாங்கள் நின்ற இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தோம். 2020 மார்ச் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அந்த வரியைப் படித்த அன்று, துடைக்கும் வேலையால் முழங்கை வீங்கிய இளைய அக்காவை நினைத்துக்கொண்டேன். மேஜை துடைப்பது மூன்றிலிருந்து ஒன்றானது. மிச்ச நேரம் கழிப்பறைக்கும் சன்னல்களுக்கும் போனது.

சன்னல்கள் என்றதும் கரியமில வாயு மானியைச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு கருவி. முன்னாள் மாணவி ஒருத்தி அனுப்பிவைத்தாள். அது வைரஸை அளக்காது. மூச்சை அளக்கும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளியே விடுகிற மூச்சில் அது சுமார் 40,000 பங்கு. ஆகவே அறையில் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு மழை நாள். சாரல் அடிக்கிறது என்று சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு, 38 பேர். மானியை என் மேஜையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். தொடங்கும்போது 520. கால் மணி நேரத்தில் 1,200. பிள்ளைகளின் கண் பாடத்தில் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி அந்த எண்ணில். நானும் பாடத்தை விட்டுவிட்டேன். மணி அடிக்கும்போது 2,050.

"கணக்குப் போடுங்க" என்றேன். 2,050-இல் வெளிக்காற்றின் 420 போக மிச்சம் 1,630. அதை 40,000-ஆல் வகுத்தால் நூற்றுக்கு நான்கு. அதாவது நீங்கள் இழுக்கும் 25 மூச்சில் ஒன்று, வேறு யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. வகுப்பே "உவ்வே" என்றது. பல வருட ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு வகுத்தல் கணக்குக்கு இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததில்லை.

கதவையும், எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு சன்னல்களையும் திறந்தோம். பத்து நிமிடத்தில் 850. சாரலில் நனைந்தது முதல் வரிசையில் இரண்டு நோட்டுதான். ஒரே பக்கம் நான்கு சன்னல் திறப்பதைவிட எதிரெதிரே ஒவ்வொன்றைத் திறப்பது மேல் என்பதைப் பிள்ளைகளே அடுத்தடுத்த நாட்களில் மாற்றி மாற்றித் திறந்து கண்டுபிடித்தார்கள். காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் போதாது, வெளியேறவும் ஒன்று வேண்டும். மின்விசிறி எண்ணைக் குறைக்கவே இல்லை. அது இருக்கிற காற்றைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். கணினி அறைதான் மோசம். ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திவைக்கிற அறை. அந்த வகை ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தால் சுத்தமான காற்று என்று நம் உடம்பு நம்பிவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது சன்னலைத் திறக்கப் போனபோது அது அசையவில்லை. சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது திறக்காது மிஸ். நாங்க ஆறாவதுல இந்த ரூம்ல இருந்தப்பவே திறக்காது."

மூன்று வருடம். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அன்றைக்கே ஒவ்வொரு வகுப்பிலும் திறக்காத சன்னல் எத்தனை என்று பிள்ளைகளையே எண்ணி எழுதித் தரச் சொன்னேன். பதினேழு வந்தது. தச்சர் இரண்டு நாளில் எல்லாவற்றையும் நெம்பித் திறந்துவிட்டார். அந்த வருடம் நாங்கள் செய்த செலவுகளிலேயே உருப்படியான செலவு அதுதான் என்று நான் இன்றும் வாதாடுவேன்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. காசநோய்க் காலத்தில், 1904-இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி தொடங்கினார்கள். 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் எலன் ஸ்டோன், மேரி பேக்கார்ட் என்ற இரண்டு பெண் மருத்துவர்களின் முயற்சியால் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் சுவரை எடுத்துவிட்டு, தரை முதல் கூரை வரை சன்னல் வைத்தார்கள். கடுங்குளிர்காலத்திலும் திறந்தே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கம்பளிப் பைக்குள் காலை நுழைத்து உட்கார்ந்து படித்த புகைப்படங்கள் இருக்கின்றன. காசநோய்க்கு மருந்து வந்தது, சன்னல்கள் சாத்தப்பட்டன. நூறு வருடம் கழித்து நாம் அதே சன்னலை நெம்பிக்கொண்டிருக்கிறோம்.

முகக்கவசத்தைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலவே என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னது நடைமுறைக்கு ஒத்துவந்தது. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். காது சரியாகக் கேட்காத ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். என் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் அவள் பாடம் கேட்டிருக்கிறாள் என்பது, நான் உதட்டை மூடிய பிறகு அவள் மதிப்பெண் சரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாய்ப்பகுதி கண்ணாடியாக இருக்கும் முகக்கவசத்தை அவளுடைய அம்மாவே தைத்து அனுப்பினார். பேசப் பேச ஆவி படிந்து மங்கும். நான் அடிக்கடி துடைத்துக்கொண்டே பேசுவேன்.

கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் 2021 மே மாதம் நடந்த ஒரு சம்பவம் பிறகு விரிவாகப் பதிவானது. ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பு. பிள்ளைகளுக்கு முகக்கவசம் உண்டு, மேஜைகள் ஆறடி இடைவெளியில், கதவும் சன்னல்களும் திறந்தே இருந்தன, காற்று வடிகட்டியும் ஓடியது. ஆசிரியருக்கு மூக்கடைப்பும் சோர்வும். ஒவ்வாமைதான் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். கதை வாசிக்கும்போது முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. ஆசிரியரை ஒட்டிய முதல் இரண்டு வரிசையில் 80 சதவீதம், பின்வரிசைகளில் 28 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு அந்த ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூக்கடைப்போடு வேலைக்குப் போகாத ஆசிரியர் எங்கே இருக்கிறார்? நான் லீவு போட்டால் என் வகுப்பை இன்னொருவர் சுமக்க வேண்டும், அவர் முகத்தைப் பிறகு நான் பார்க்க வேண்டும். "சாதாரண சளிதான்" என்பதை நாங்கள் பொய்யாகச் சொல்வதில்லை. அப்படி நம்பிக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நாங்களே பரிசு வேறு கொடுத்துவந்தோம். வருடம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கு ஆண்டுவிழாவில் கோப்பை. அந்தக் கோப்பையை நானே பலமுறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் பதினொரு மணிக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தான். கழுத்தைத் தொட்டால் கொதிக்கிறது. காலை வாசலில் வெப்பமானி சரியாகத்தான் காட்டியிருந்தது. அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். வேலையிடத்தில் இருந்தார். முதலில் "காலைல நல்லாத்தான் இருந்தான்" என்றார். அப்புறம் குரல் உடைந்து, "மாத்திரை குடுத்துத்தான் அனுப்பிச்சேன் மிஸ். இன்னிக்கும் லீவு போட்டா என் வேலை போயிடும். அவனும் கோப்பை போயிடும்னு அழுதான்" என்றார்.

அவரிடம் நான் கோபப்பட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அன்று சாயங்காலம் கோபம் தணிந்த பிறகு, தலைமையாசிரியரிடம் போய் அந்தக் கோப்பையை எடுத்துவிடலாம் என்றேன். எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒழுக்கம் கெட்டுடும்" என்றார். கடைசியில் எடுத்தோம். நோய் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதையும் நிறுத்தினோம். விடுபட்ட பாடத்துக்கு ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நோட்டு. யார் வரவில்லையோ அவருக்காகப் பக்கத்து மாணவர் எழுதிவைக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களில், காலையிலேயே போன் செய்து "இன்னிக்கு அவனுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லும் பெற்றோர் சட்டென்று கூடினார்கள். நோய் கூடியதா, சொல்வது கூடியதா என்று கேட்டால், சொல்வதுதான் கூடியது என்பேன்.

1918 இன்ஃபுளூயன்சா காலத்தில் நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவில்லை. சுமார் பத்து லட்சம் மாணவர்கள். சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் சொன்ன காரணம்: நெருக்கடியான குடியிருப்புகளில் இருக்கும் பிள்ளைகள் தெருவில் திரிவதைவிட, காற்றோட்டமான பள்ளியில் மருத்துவர், செவிலியர் கண்பார்வையில் இருப்பது நல்லது. தினமும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பி, வீட்டு நிலைமையையும் கவனித்தார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, பள்ளியைத் திறந்து வைப்பதற்கு அவர்கள் ஆளைப் போட்டார்கள் என்பது. எங்களுக்கு வெப்பமானி வந்தது, ஆள் வரவில்லை.

கை கழுவும் கணக்குக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் 480 பிள்ளைகள், எட்டுக் குழாய்கள். சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்து, அலசி, நகர்ந்து, அடுத்தவர் வந்து நிற்க, ஆளுக்குச் சராசரியாக நாற்பது விநாடி என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். குழாய்க்கு அறுபது பேர். நாற்பது நிமிடம். மதிய இடைவேளை மொத்தமே நாற்பது நிமிடம்தான். சாப்பிடும் முன் எல்லோரும் ஒழுங்காகக் கை கழுவினால் யாரும் சாப்பிட முடியாது. சுவரொட்டி அச்சடித்தவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை, ஒட்டிய நானும் செய்யவில்லை. இடைவேளையை மூன்றாகப் பிரித்தோம். மூடியில் ஓட்டை போட்ட பாட்டில்களில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, முனை மூடிய நீளக் குழாய் ஒன்றில் துளைகள் இட்டு ஒரே நேரத்தில் பதினைந்து பேர் கழுவுகிற மாதிரி கிணற்றடியில் கட்டினோம். ஏழாம் வாய்ப்பாட்டை அவசரப்படாமல் சொன்னால் இருபது விநாடி. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் சேர்ந்து மனப்பாடமானது கொசுறு.

எங்களுக்குத் தண்ணீராவது இருந்தது. 2019-இல், அதாவது பெருந்தொற்றுக்கு முந்தைய வருடம், உலகில் 43 சதவீதப் பள்ளிகளில் சோப்பும் தண்ணீரும் உள்ள கைகழுவும் வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கெடுத்தன. 81 கோடியே 80 லட்சம் பிள்ளைகள். இந்த எண்ணைப் பார்த்தபின், கழிப்பறையில் குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், மாதவிடாய் நாட்களில் வருகிற பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும் என்று நான் கோப்பில் எழுதியது ஆடம்பரக் கோரிக்கையாகக்கூடத் தெரிந்தது. ஆனாலும் தாழ்ப்பாள் வந்தது. அதைக் கேட்டு வாங்கியது நான் இல்லை, பத்தாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து தலைமையாசிரியர் அறைக்கு நேரே போய்விட்டார்கள்.

சோப்புக்கு என்ன ஆனது? அலமாரிச் சாவியை மூத்த அக்காவிடம் கொடுத்தோம். ரசீது, கையெழுத்து, கணக்கு எல்லாம் கோப்பில் எப்போதும்போல என்னிடம். தீர்ந்தால் எந்தப் பிள்ளையும் நேராக அக்காவிடம் போய்ச் சொல்லலாம், சொன்னவரை ஏன் வகுப்பை விட்டு வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கட்டி சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடும் யோசனை அக்காவுடையது. தரையில் விழாது, ஊறிக் கரையாது, பைக்குள் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. குழுக் கூட்டத்துக்கு அவரையும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னபோது, முதல் இரண்டு கூட்டங்களில் நின்றுகொண்டேதான் இருந்தார். மூன்றாவதில் உட்கார்ந்தார். நான்காவதில், பிளீச் வாளி எது, ஆசிட் வாளி எது என்று நிறம் மாற்றி வைக்கலாம் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இப்போது மஞ்சள் வட்டங்கள் தேய்ந்துவிட்டன. வெப்பமானி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கரியமில வாயு மானியை ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் வருடா வருடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், அந்த "உவ்வே" பாடம் அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது. போன வாரம் ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி, கதவைத் தட்டாமல், கையில் நுரை சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். தலைமையாசிரியர் பேச்சை நிறுத்தினார்.

"அக்காவக் காணோம். சோப்பு இவ்வளவுதான் இருக்கு" என்று விரலிடுக்கில் ஒரு சில்லைக் காட்டினாள்.

தலைமையாசிரியர் எழுந்து போனார்.